எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா? முதுமைக்கான சட்ட ஏற்பாடுகள், அடிப்படையிலிருந்து

2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் தன் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் செல்லாது, சொத்தைப் பிப்ரவரி 28க்குள் அந்தத் தாயிடமே ஒப்படைக்க வேண்டும் என்றது. இரண்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் அதே திசையில் ஒரு தீர்ப்பு தந்தது. அவ்வளவுதான், "கவனிக்காத பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சொத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல், "அதான் சட்டம் இருக்கிறதே" என்ற தைரியத்தில் வீட்டை எழுதிக் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அதோடு, பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது மட்டும்தான் முதுமையின் சட்டப் பிரச்சினை என்றும் இல்லை. நல்ல பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும், அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டால் அவர் பெயரில் இருக்கும் பணத்தை எடுத்து அவருக்கே வைத்தியம் பார்க்க முடியாமல் போகிறது. எனவே கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்கலாம்.

எந்தப் பத்திரம் எப்போது வேலை செய்யும்?

ஒருவரின் பிற்கால வாழ்க்கையைச் சட்டத்தின் கண்ணில் மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்.

1. நினைவு தெளிவாக இருக்கிறது, கையெழுத்துப் போட முடிகிறது.
2. உயிர் இருக்கிறது, ஆனால் முடிவெடுக்கும் திறன் இல்லை. மறதி நோய் முற்றியவர்கள், கோமாவில் இருப்பவர்கள், மூளை பாதிக்கப்பட்டவர்கள் இதில் வருவார்கள்.
3. இறந்த பிறகு.

செட்டில்மென்ட் பத்திரம், அதாவது விலை வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது, முதல் கட்டத்தில் எழுதப்பட்டு அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிடும். உயில் முதல் கட்டத்தில் எழுதப்படும், ஆனால் மூன்றாம் கட்டத்தில்தான் உயிர்பெறும். நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் முதல் கட்டத்துக்கு மட்டுமே. நாமினி என்பது மூன்றாம் கட்டத்துக்கு. இரண்டாம் கட்டத்துக்கு? பெரும்பாலான குடும்பங்களிடம் ஒன்றுமே இருக்காது. நம் சட்டத்திலும் பெரிய ஓட்டை இருப்பது அங்கேதான், அதற்குப் பிறகு வருகிறேன். எந்தக் கட்டத்துக்கான ஏற்பாடானாலும் அதை எழுத முடிவது முதல் கட்டத்தில் மட்டும்தான் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டில்மென்ட்: அந்தப் பத்திரத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது?

தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொத்து கொடுக்கப் பெரும்பாலும் பயன்படுத்துவது தான செட்டில்மென்ட். காரணம் செலவு குறைவு. வெளியாருக்கு விற்றால் சொத்து மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன்பு இந்த வரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன.

பத்திர எழுத்தரிடம் போனால் அவர் கணினியில் தயாராக ஒரு மாதிரி வைத்திருப்பார். பெயர், சர்வே எண், நான்கு எல்லை மட்டும் மாறும். அதன் நடுவில் ஏறத்தாழ இப்படி வரும்: "தங்கள் மேல் எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும் இந்தச் சொத்தைத் தங்களுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்து இன்றே சுவாதீனம் கொடுத்துவிட்டேன். இனி இந்தச் சொத்தைத் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதில் எனக்கோ என் பின் வாரிசுகளுக்கோ இனி யாதொரு பாத்தியமும் இல்லை. இதை எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய மாட்டேன்."

கேட்பதற்கு வழக்கமான பத்திர நடை மாதிரி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் எழுதிக் கொடுப்பவரின் ஒவ்வொரு கதவை மூடுகிறது. "இன்றே சுவாதீனம்" என்றால் நீங்கள் இனி அந்த வீட்டில் இருப்பது மகனின் தயவில். "சர்வ சுதந்திர பாத்தியம்" என்றால் அவர் நாளைக்கே விற்கலாம், அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, ஒரு தானத்தைப் பெறுபவர் ஏற்றுக்கொண்ட பிறகு கொடுத்தவர் மனம் மாறினார் என்பதற்காக அதை ரத்து செய்ய முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதியவும் முடியாது. கிரயம், தானம் போன்ற பத்திரங்களை ஒரு தரப்பு மட்டும் வந்து ரத்து செய்வதைப் பதிவாளர் ஏற்கக் கூடாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வே சொல்லிவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், குடியிருக்கும் ஒரே வீட்டை உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் மிகச் சிலருக்கே உண்டு. "இப்பவே எழுதிட்டா பிற்பாடு சண்டை வராது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். சண்டை வராமல் தடுக்க உயில் போதும். இல்லை, கட்டாயம் எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை என்றால், எழுத்தரின் மாதிரியில் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்தர் முகம் சுளித்தால் வேறு எழுத்தர் இருக்கிறார், வழக்கறிஞரும் இருக்கிறார்.

1. ஆயுட்கால அனுபவ உரிமை. "என் ஆயுட்காலம் வரையிலும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுட்காலம் வரையிலும் இந்த வீட்டில் குடியிருக்கவும் அதன் வாடகை வருமானத்தை அனுபவிக்கவும் எங்களுக்கே உரிமை உண்டு" என்று எழுதுவது. சுவாதீனத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எழுதிய தானமும் செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இந்த வரி இருக்கும் பத்திரத்தைப் பார்த்துவிட்டு அந்த வீட்டை வாங்கவோ அதன்மேல் கடன் கொடுக்கவோ யாரும் சுலபத்தில் முன்வர மாட்டார்கள். அதுதான் உண்மையான பாதுகாப்பு.

2. பராமரிப்பு நிபந்தனை. "எனக்கு வேண்டிய உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தாங்கள் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இதை எழுதித் தருகிறேன், தவறினால் ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு." அடுத்த பகுதியைப் படித்தால் இந்த ஒரு வரிக்கு எவ்வளவு எடை என்று புரியும்.

பிரிவு 23: தீர்ப்புகள் ஏன் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவு சொல்வதைப் படிப்படியாகப் பார்த்தால் இதுதான்:

1. எழுதிக் கொடுத்தவர் 60 வயது நிறைந்த மூத்த குடிமகனாக இருக்க வேண்டும்.
2. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய தானமாகவோ வேறு வகை மாற்றமாகவோ இருக்க வேண்டும். 1998இல் எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது இந்தப் பிரிவில் போக முடியாது.
3. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் பெறுபவர் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு அந்த மாற்றம் நடந்திருக்க வேண்டும்.
4. அவர் அதைச் செய்ய மறுத்திருக்க வேண்டும், அல்லது செய்யத் தவறியிருக்க வேண்டும்.

நான்கும் சேர்ந்தால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதி வாங்கப்பட்டதாகச் சட்டமே கருதிக்கொள்ளும். எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

சண்டை எல்லாம் மூன்றாவது படியில். அன்பினால் எழுதினேன் என்று மட்டும் இருக்கும் பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதா, இல்லையா?

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இல்லை என்ற பக்கம் நின்றது. பெற்றோர் அன்பினால் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும்போது, பதிலுக்கு என்னைப் பார்த்துக்கொள் என்று எதிர்பார்ப்பதாகத் தானாகவே எடுத்துக்கொள்ள முடியாது. நிபந்தனை இருந்தது என்று மனுவில் சொல்ல வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும் என்றது. அந்த வழக்கில் தாய் தோற்றார்.

2025 ஜனவரித் தீர்ப்பில் தாய் ஜெயித்தார். நீதிமன்றம், இது முதியவர்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், அதைத் தாராளமாகத்தான் படிக்க வேண்டும் என்று சொன்னது உண்மை. செய்திகளில் பலரும் அதோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வழக்கில் தானப் பத்திரத்தை ஒட்டி ஒரு தனி உறுதிமொழிக் கடிதமும் இருந்தது. கடைசிவரை பார்த்துக்கொள்வேன், தவறினால் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று. அதாவது நிபந்தனை காகிதத்தில் இருந்தது.

நாகப்பட்டினம் வழக்குதான் எல்லோரையும் விட ஒரு படி மேலே போனது. 87 வயதுத் தாய், மகள்களை விட்டுவிட்டு மகனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். மகன் இறந்துபோனார், மருமகள் கவனிக்கவில்லை என்பது புகார். பத்திரத்தில் வெளிப்படையான நிபந்தனை எதுவும் இல்லை. ஆனாலும், அன்பும் பாசமும்தான் காரணம் என்று எழுதியிருக்கும்போது பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 மார்ச்சில் சொன்னது.

நியாயமான தீர்ப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2022இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. நாளைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். உங்கள் வழக்கு எந்த நீதிபதியின் முன் வரும் என்பதை வைத்து வீடு கிடைப்பதும் கிடைக்காததும் தீர்மானமாகும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? பத்திரத்தில் அந்த ஒரு வரி இருந்துவிட்டால் இந்த விவாதமே தேவையில்லை.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றால்

மனு கொடுக்க வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம், அதாவது ஆர்.டி.ஓ. அவர்தான் இந்தச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்தின் தலைவர். மேல்முறையீட்டுக்கு மாவட்ட ஆட்சியர், 60 நாளுக்குள் போக வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி ஆர்.டி.ஓ. மேசைக்குத்தான் வரும்.

மனுவில் பலரும் "மகன் சோறு போடுவதில்லை, அடிக்கிறான்" என்று மட்டும் எழுதுகிறார்கள். பிரிவு 23இன்கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கிறேன் என்பதையும், என்னைக் கவனித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டதன் பேரில்தான் எழுதிக் கொடுத்தேன் என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். 2022 வழக்கில் தோற்றதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். கடிதம், வாட்ஸ்அப் செய்தி, எழுதியபோது உடனிருந்த உறவினரின் வாக்குமூலம் என்று எது இருந்தாலும் சேர்த்துவிடுங்கள்.

மாதப் பராமரிப்புத் தொகையையும் இதே தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அதற்குச் சொத்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றே இல்லை. பெற்றோர் என்றால் 60 வயது ஆகியிருக்கவும் வேண்டியதில்லை. பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்தை அனுபவிக்கும் அல்லது தனக்குப் பின் அதற்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடம் கேட்கலாம். ஆனால் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். 2007இல் வைத்த தொகை, இன்றைக்கு நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக்கூடப் போதாது. நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரே முறை 30 நாள் நீட்டிக்கலாம் என்பது சட்டம்.

வீட்டைவிட்டு மகனையும் மருமகளையும் வெளியேற்றச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட முடியும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜனவரித் தீர்ப்பும் உறுதிசெய்தது. மருமகள் விஷயத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன்படி புகுந்த வீட்டில் வசிக்க அவருக்கு இருக்கும் உரிமையை, முதியோர் சட்டத்தைக் காட்டி ஒரேயடியாகத் தட்டிவிட முடியாது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மருமகளைத் துரத்துவதற்காக மகனே பெற்றோரை முன்னால் நிறுத்தி மனு போடும் கதைகளும் நடக்கின்றனவே.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே அங்கு இலவச சட்ட உதவி உண்டு, ஆகவே மனு கொடுப்பவர் தாய் என்றால் காசு செலவழிக்க வேண்டிய தேவை இல்லை.

நடுவில் இருக்கும் ஓட்டை

"அப்பா பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், கவலை இல்லை" என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 201ஆம் பிரிவைப் படித்தால் அந்த நிம்மதி போய்விடும். பவர் கொடுத்தவர் இறந்தாலும் முடிந்தது, அவருக்குச் சித்த சுவாதீனம் போனாலும் முடிந்தது. அதாவது எந்த நாளில் அந்தக் காகிதம் தேவைப்படுமோ அன்றைக்கு அது காலாவதி. வேறு சில நாடுகளில் நினைவு போன பிறகும் நீடிக்கும் பவர் பத்திரம் உண்டு, இங்கே அப்படி ஒன்று இல்லை. பவரை வைத்துப் பத்திரம் பதியப் போனால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கு மருத்துவரின் சான்று கொண்டுவரச் சொல்கிறார்கள் நம் சார்பதிவாளர் அலுவலகங்களில்.

சரி, நினைவு போய்விட்டது, இப்போது யார் முடிவெடுப்பது? மனைவிதானே என்று தோன்றும். சட்டப்படி மனைவிக்குத் தானாக அந்த அதிகாரம் வருவதில்லை. சிறுவர்களுக்குப் பெற்றோர் பாதுகாவலர் என்பதுபோல, கோமாவில் இருக்கும் பெரியவருக்கு இன்னார் பாதுகாவலர் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இல்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன்படி ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம், ஆனால் அது சிகிச்சைக்கு மட்டும், சொத்துக்கு உதவாது. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கிறது. 2024இல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள அனுமதி கேட்டு வந்த மனைவியை, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அவரைப் பாதுகாவலராக நியமித்தது. ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஓட்டையை முழுசாக அடைக்க வழி இல்லை. சுருக்கலாம்.

1. வைத்தியச் செலவுக்கு ஆகும் அளவுக்காவது பணத்தைக் கணவன் மனைவி அல்லது நம்பிக்கையான பிள்ளையுடன் கூட்டுக் கணக்கில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் வைப்பது. "இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்" என்று இருந்தால் அந்தக் கணக்கு முதல் நாளே முடங்கிவிடும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எந்த முறை என்று அச்சிட்டிருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

2. நினைவு இருக்கிறது, கை மட்டும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலின்படி கைரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம், ஏதாவது ஒரு குறிகூடப் போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. கவுன்ட்டரில் "கையெழுத்து மேட்ச் ஆகலை" என்று திருப்பி அனுப்பினால் மேலாளரிடம் போய் இந்த வழிகாட்டுதலைச் சொல்லிக் கேளுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படை வங்கிச் சேவை தர வேண்டும் என்று 2017இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதும் பலருக்குத் தெரியாது.

3. சொத்து அதிகம், பிள்ளைகள் தூரத்தில், அல்லது மாற்றுத்திறனாளி வாரிசு இருக்கிறார் என்றால் தனியார் அறக்கட்டளை ஒன்றை எழுதி அதில் சொத்தை வைப்பது. நினைவு போனாலும் அறங்காவலர்கள் நடத்துவார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் தேவைப்படாது, வழக்கறிஞர் இல்லாமல் எழுதவும் கூடாது.

சிகிச்சை பற்றிய முடிவுக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. மீள முடியாத நிலையில் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்துக் காலத்தை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்திரேட் முன் கையெழுத்திட வேண்டும் என்று வைத்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். நமக்காகப் பேசப்போகிறவர்களின் பெயரையும் அதில் எழுத வேண்டும். பிறகு மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லும். கருணைக் கொலை என்று இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு; மருந்து கொடுத்து உயிரை எடுப்பதற்கு இதில் இடமில்லை.

உயில்: வெள்ளைத்தாளே போதும், ஆனால்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, இவ்வளவுதான் சட்டம் கேட்பது. உயிலில் என்ன இருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியது நிற்கும். பதிவு செய்த உயிலைப் பின்னால் எழுதிய பதியாத உயில் வென்றுவிடும்.

வழக்குகள் எங்கே வருகின்றன என்று பார்த்தால் சில இடங்களில் கவனம் தேவை.

சாட்சிகள் இளையவர்களாக இருக்கட்டும். உயிலை யாராவது எதிர்த்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். எண்பது வயதுக்காரர் தன் வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாக வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சொத்து பெறுபவரையும் அவர் மனைவியையும் சாட்சியாகப் போட வேண்டாம். ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ விடுகிறீர்கள் என்றால் அதன் காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். காரணமே சொல்லாத உயிலைத்தான் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும். வயது அதிகம் என்றால் அன்றைய தேதியில் ஒரு மருத்துவரின் சான்று.

பதிவு செய்வது நல்லது என்பேன். உயில் தனிப் புத்தகத்தில் பதியப்படுவதால் வில்லங்கச் சான்றில் தெரியாது, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளே போய்க் கேட்டாலும் நகல் தர மாட்டார்கள். நடமாட முடியாதவர் என்றால் பதிவாளரை வீட்டுக்கே வரச்சொல்லி விண்ணப்பிக்கலாம். உள்ளே இருப்பது பதிவாளருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள், ஒட்டிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு.

எதை எழுத முடியும் என்பதிலும் வரம்பு இருக்கிறது. பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுதலாம், மகள்களுக்கும் அதில் பிறப்பிலேயே பங்கு உண்டு. இஸ்லாமியர்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். இன்னொரு செய்தி: சென்னை மாநகருக்குள் இருக்கும் சொத்து பற்றிய உயிலுக்கு நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியே ஆக வேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு பல காலம் கட்டாயப்படுத்தியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம்.

நாமினி வாரிசு அல்ல

வங்கி டெபாசிட்டில் மூத்த மகன் பெயரை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவர் கைக்குப் போகும். சொந்தமாகிவிடாது. மற்ற வாரிசுகளின் பங்கை அவர் கொடுக்க வேண்டும். பங்குச் சந்தை முதலீட்டிலும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீடு மட்டும் கொஞ்சம் வேறு: 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் தொகை அவர்களுக்கே உரியது என்று காப்பீட்டுச் சட்டம் சொல்கிறது.

2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான். நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டையும் பொருத்தி எழுதுங்கள்.

நாமினியும் இல்லை, உயிலும் இல்லை என்றால் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்பதை மட்டும் காட்டும். பெரிய தொகைக்கு வங்கி, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழைக் கேட்கும்.

பிள்ளைகளும் எழுத வேண்டிய உயில்

கடைசியாக, முதியவர்களின் சட்டப் பாதுகாப்பு என்று பேசும்போது யாரும் தொடாத ஒரு மூலை. சம்பாதிக்கும் பிள்ளை முந்திக்கொண்டு போய்விட்டால்?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், தாய். தந்தை அதில் இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு. மனைவியை இழந்த ஒரு தந்தை, மகனின் வீட்டில் மகன் சம்பளத்தில் வாழ்கிறார் என்று வையுங்கள். மகனுக்கு மனைவியோ குழந்தையோ இருந்தால் அந்தத் தந்தைக்குச் சட்டப்படி ஒரு பைசா பங்கு கிடையாது.

மகள் விஷயத்தில் இன்னும் மோசம். அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்குப் பிள்ளைகளும் கணவனும் முதலில். அவர்கள் இல்லை என்றால் கணவனின் வாரிசுகள். பெற்ற தாயும் தகப்பனும் அதற்கும் பிறகுதான். குழந்தை இல்லாத விதவை மகள், தாயுடன் வசித்து, தன் சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகும். 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு கிட்டத்தட்ட இதேதான். கணவன் இறந்ததும் புகுந்த வீட்டார் துரத்திவிட்ட பெண், பிறந்த வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்று சொல்லி, அதைக் கணவனின் சகோதரி மகன்களுக்கே கொடுத்தது நீதிமன்றம். 2025 நவம்பரில் இந்தப் பிரிவு பற்றிய இன்னொரு வழக்கில், பெண்கள் எல்லோரும், முக்கியமாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது. அந்த மகள் இரண்டு சாட்சிகளை வைத்து ஒரு வெள்ளைத்தாளில் அம்மாவின் பெயரை எழுதியிருந்தால் அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்காது.